வீடு, மனை தொழிலுக்கு நினைவில் நிற்கும் ஒரு வரி வேண்டும்

வாசற்படி:
வணக்கம். நானும் என் கொழுந்தனாரும் சேர்ந்து வீடு, மனை வாங்கி விற்றுத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறோம். புதுப் போர்டு வைக்கப் போகிறோம். பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும். அதே வரிதான் விசிட்டிங் கார்டிலும் வாட்ஸ்அப் முகப்பிலும் வரும்.

இதுவரை எழுதிப் பார்த்தவை: "உங்கள் கனவு இல்லம், எங்கள் லட்சியம்", "நம்பிக்கையின் மறுபெயர்", "நிலமும் உங்களுக்கு, நிம்மதியும் உங்களுக்கு". கொழுந்தனாருக்கு முதல் வரி ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு அதைப் படித்தாலே கொட்டாவி வருகிறது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம்: பெரும்பாலும் பழைய வீடுகள்தான் கைமாற்றித் தருகிறோம். புது அடுக்குமாடிப் பக்கம் போவதில்லை. மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் எந்த வீட்டையும் யாருக்கும் காட்ட மாட்டோம். இதனாலேயே சில பார்ட்டிகள் கோபித்துக்கொண்டு வேறு புரோக்கரிடம் போயிருக்கிறார்கள். பெரிய விளம்பரச் செலவுக்கு வழியில்லை. என்ன எழுதலாம்?

மாடித்தோட்டம்:
இந்தாங்க, சுடச்சுட: "வீட்டைக் கட்டிப் பார் என்பது பழசு, எங்களிடம் வாங்கிப் பார் என்பது புதுசு!" இல்லையென்றால் "சொந்த வீடு, சொர்க்க வீடு". எதுகை மோனை இருந்தால் போதும், ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் வேண்டுமானால் ஏதாவது ஒரு ஏஐ செயலியிடம் கேளுங்கள், நூறு வரி கொட்டும்.

தூரிகைக்காரர்:
அம்மா, நான் போர்டு எழுதுபவன். பெயிண்டும் பிரஷ்ஷுமாகத் தொடங்கி இப்போது ஃப்ளெக்ஸ், எல்இடி என்று வந்து நிற்கிறேன். வரி யோசிப்பது என் வேலை இல்லைதான். ஆனால் போர்டு கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அளவெல்லாம் பேசி முடித்துவிட்டு, "கீழே என்ன போடலாம்?" என்று என்னையே கேட்பார்கள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

"நம்பிக்கை" என்ற சொல்லை நகைக்கடைக்கும் எழுதியிருக்கிறேன், மருந்துக்கடைக்கும் எழுதியிருக்கிறேன், டியூஷன் சென்டருக்கும் எழுதியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே எழுதுவேன். உங்கள் கொட்டாவிக்குக் காரணம் அதுதான். கொழுந்தனாருக்கு இப்படிக் காட்டுங்கள்: ஒரு தாளில் உங்கள் போட்டிக்காரர் பெயரை எழுதி, அதன் கீழே அவருக்குப் பிடித்த வரியை எழுதுங்கள். பொருந்துகிறதா? அடுத்து ஒரு சிமென்ட் கம்பெனி பெயர், ஒரு வங்கி பெயர், ஒரு பெயிண்ட் கம்பெனி பெயர். எல்லாருக்கும் "கனவு இல்லம்" கச்சிதமாகப் பொருந்தும். ஊருக்கெல்லாம் பொருந்துகிற வரிக்கு நீங்கள் ஏன் காசு கொடுத்துப் போர்டு வைக்க வேண்டும்?

உங்களுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மூலப்பத்திரம் பார்க்காமல் வீடு காட்ட மாட்டோம் என்கிறீர்கள். பார்ட்டி கோபித்துக்கொண்டு போனாலும் அதை விடவில்லை. போட்டிக்காரர் அப்படி எழுதத் துணிய மாட்டார், எழுதினால் அவரும் அப்படி நடக்க வேண்டியிருக்கும். வீடு வாங்க வருகிறவர் மனதில் முதலில் இருப்பது கனவா? பயம். இது வேறு யாருக்காவது ஏற்கனவே விற்றதா, அடமானத்தில் இருக்கிறதா, அண்ணன் தம்பி வழக்கு எதுவும் இருக்கிறதா என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். எனக்குத் தோன்றியது:

"வில்லங்கம் பார்த்த பிறகே விளம்பரம்."

மாடித்தோட்டம் சொன்ன எதுகை மோனையை நான் மறுக்கவில்லை, இந்த வரியிலும் மோனை இருக்கிறது. 2000-ல் மெக்லோன், டோஃபிக்பக்ஷ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே கருத்தை இயைபோடு, அதாவது கடைசி ஓசை ஒத்து வரும்படி சொன்னால், இயைபில்லாமல் சொல்வதைவிட அது உண்மை என்று மக்கள் கூடுதலாக நம்பினார்கள். ஆனால் ஓசையை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பார்க்கச் சொன்னதும் அந்த மயக்கம் குறைந்துவிட்டது. மிட்டாய் வாங்குகிறவர் ஓசையில் மயங்கலாம். வீடு வாங்குகிறவர் வாழ்நாள் சேமிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பொருளைத்தான் பார்ப்பார். "சொர்க்க வீடு" அங்கே நிற்காது.

அப்புறம் என் தொழில் விஷயம் ஒன்று. "நம்பகத்தன்மை", "வாடிக்கையாளர்" மாதிரிச் சொற்கள் ஒரு போர்டின் முழு அகலத்தையும் தின்றுவிடும். ணை, ளை, கொம்பு, கால் எல்லாம் சேரும்போது எழுத்தைச் சிறிதாக்கியே ஆக வேண்டும். வண்டியில் போகிறவர் ஒரு பார்வைதான் பார்ப்பார். நான்கு சொல், அதுவும் குட்டிச் சொல் என்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

பத்திரக்கட்டு:
வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. "வில்லங்கமில்லா வீடு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பத்திரத்தைப் பார்ப்பது உங்கள் வேலை. அது சுத்தமாக இருக்கும் என்று உத்தரவாதம் தருவது வேறு. நாளை ஏதாவது முளைத்தால் அந்த போர்டையே படம் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "30 நாளில் விற்றுத் தருகிறோம்" என்பதும் அதே ரகம். டோமினோஸ் "30 நிமிடத்தில் பீட்சா" என்ற உத்தரவாதத்தால்தான் பிரபலமானது. டெலிவரி வண்டி விபத்து வழக்குகளுக்குப் பிறகு 1993-ல் அமெரிக்காவில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. தூரிகைக்காரர் எழுதியது தப்பில்லை, நீங்கள் செய்வதை மட்டும்தான் அது சொல்கிறது.

வாசற்படி:
பெயரை மாற்றி எழுதிக் காட்டினேன். கொழுந்தனார் சிரித்துவிட்டு "சரி, கனவு வேண்டாம்" என்றார். ஆனால் புதுச் சிக்கல். போர்டில் "வில்லங்கம்" என்ற சொல்லா, வருகிறவர் பயந்து ஓடிவிடுவார் என்கிறார். நல்ல சொல்தான் இருக்க வேண்டுமாம்.

தூரிகைக்காரர்:
அவர் சொல்வதில் பாதி நியாயம். கசப்பான விஷயத்தைச் சொல்வதே தப்பு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கார் வாடகைக்கு விடும் ஏவிஸ் கம்பெனி, ஹெர்ட்ஸ் என்ற போட்டிக் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது. 1962-ல் அவர்களுக்கு விளம்பரம் எழுதிய பவுலா கிரீன் அதை மறைக்கவில்லை. நாங்கள் இரண்டாவது இடம்தான், அதனால் கூடுதலாக முயல்கிறோம் என்று எழுதிவிட்டார். அந்த வரியை 2012 வரை வைத்திருந்தார்கள். தாழ்வைச் சொன்னதும் பின்னால் வந்த வாக்கை நம்ப முடிந்தது.

ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணில் "வில்லங்கம்" மட்டும் பெரிதாகப் பட்டுவிடும் என்றால், அது போர்டு சிக்கல்தான். அப்படியென்றால் இதைப் பாருங்கள்:

"பத்திரம் பார்த்தாச்சு. வீட்டைப் பாருங்க."

வாடிக்கையாளரிடம் நீங்கள் வாயால் சொல்கிற மாதிரியே இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வீட்டுப் படத்துக்குக் கீழேயும் போடலாம். பத்திரம் பார்க்காத வீட்டுக்குக் கீழே போட முடியாது, அதுவும் நல்லதுதான்.

மாடித்தோட்டம்:
என் சொர்க்க வீட்டை இடித்துவிட்டீர்கள், பரவாயில்லை. இது நன்றாக இருக்கிறது. ஆனால் முடிவு செய்வதற்கு முன் வீடு தேடிக்கொண்டிருக்கும் சிலரிடம் வரியை ஒருமுறை சொல்லிவிட்டு, மறுநாள் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

வாசற்படி:
கேட்டேன். வார்த்தை முன்பின்னாக மாறினாலும் எல்லாரும் விஷயத்தைச் சரியாகச் சொன்னார்கள். ஒருவர் "பத்திரம் யார் பார்ப்பார், வக்கீலா?" என்று கேட்டார். எதிர்பார்த்த கேள்விதான், அதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது. இதையே வைக்கிறோம். கொழுந்தனார் மட்டும் காலண்டரிலாவது "கனவு இல்லம்" வர வேண்டும் என்கிறார்.

தூரிகைக்காரர்:
காலண்டரில் வேண்டாம் என்று சொல்லுங்கள். இடத்துக்கு ஒரு வரி வைத்தால் எதுவும் பதியாது. டி பியர்ஸ் வைரக் கம்பெனி 1947-ல் பிடித்த ஒரே வரியை இன்னும் விடவில்லை. போர்டின் அகலம், உயரம், ரோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று போடுங்கள், எழுத்து எந்த அளவில் இருக்கலாம் என்று சொல்கிறேன். முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு இரண்டு வரியாகப் பிரித்தால் இன்னும் பெரிதாக எழுதலாம்.