ஜிம்ஸ்டைனுர்: ஃபரோ மொழிக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கடலோடி:
வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபரோ தீவுகளில், நகையில் பதிக்கும் மணிக்கல்லை 'கிம்ஸ்டைனுர்' என்று எழுதி 'ஜிம்ஸ்டைனுர்' என்று சொல்கிறார்கள். ஸ்டைனுர் என்றால் கல். முன்னால் ஒட்டியிருப்பது ஆங்கில 'ஜெம்' தானே? ஸ்காட்லாந்து பக்கத்திலேயே இருக்கிறது. அண்மையில் வாங்கிய கடன்சொல் என்றே நினைக்கிறேன்.

வேர்தேடி:
ஒலியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஃபரோ மொழியில் இ, எ ஒலிகளுக்கு முன் வரும் ககரம் ஜகரம் போலத் திரிவது வழக்கம். 'கொடு' என்ற பொருளுள்ள சொல்லைக்கூட 'கேவா' என எழுதி 'ஜேவா' என்கிறார்கள். அது சொந்தச் சொல்தான். 1846இல் ஃபரோ மொழியறிஞர் ஹமர்ஷைம்ப் வகுத்த எழுத்துமுறை பேச்சைப் பின்பற்றவில்லை, ஃபரோ, ஐஸ்லாந்து, நார்வே மொழிகளுக்குத் தாயான பழைய நார்ஸின் வடிவத்தைப் பின்பற்றியது. அதனால்தான் எழுத்தில் ககரம் நிற்கிறது. ஐஸ்லாந்து மொழியிலும் இதே சொல் உண்டு.

கடலோடி:
சரி, 'அண்மையில்' என்றதை விடுகிறேன். ஆனால் ஆங்கிலத் தொடர்பை விட மாட்டேன். பழைய ஆங்கிலத்தில் 'யிம்ஸ்தான்' இருந்தது, அதற்கும் மணிக்கல் என்றே பொருள். 1000ஆம் ஆண்டையொட்டி நார்வே மன்னர் ஓலாவ் ட்ரிக்வசன் காலத்தில்தான் ஃபரோவுக்குக் கிறித்தவம் வந்தது. அவரோடு இங்கிலாந்துப் பாதிரிமார் நார்வேக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் நார்ஸுக்குள் நுழைந்த ஆங்கிலச் சொற்கள் பல.

வேர்தேடி:
இதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது 'ஜெம்' இல்லை. பழைய 'யிம்' ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. இன்றைய 'ஜெம்' பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்தது. இரண்டுக்கும் தாய் லத்தீன் 'கெம்மா'.

அல்லி:
எனக்கு அந்தக் கெம்மாதான் முக்கியம். அதற்கு மொட்டு, மணி என்று இரண்டு பொருள். மொட்டுதான் மூத்த பொருள். லிதுவேனிய மொழியில் இதே வேரிலிருந்து வந்த சொல் 'முளைத்தல்' என்று நிற்கிறது. திராட்சைக் கொடியில் புடைத்து நிற்கும் மொட்டைப் பார்த்தவன் மணிக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறான்.

கடலோடி:
பண்டைய ரோமின் லத்தீன் எழுத்தாளர் சிசரோ நேர்மாறாகச் சொல்கிறாரே? கொடி 'மணி விடுகிறது' என்று உழவர்கள்கூட உருவகமாகப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அது அவருடைய தாய்மொழி.

அல்லி:
தாய்மொழிக்காரருக்கு வழக்கு தெரியும். சொல் பிறந்த நாளைப் பார்த்தவர் அவரும் இல்லை. அவர் காலத்தில் நகரத்தாருக்கு மணிதான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும். உழவருக்கு அப்படி இருந்திருக்காது.