இடுப்புல ரிவால்வர் எந்தப் பக்கம் வெச்சா வலி இல்லாம இருக்கும்? ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இடம் மாத்துறதுல உதவி வேணும்

தண்டையார்பேட்டை_ஹவில்தார்

வணக்கம். ஆர்மில 17 வருஷம் இருந்துட்டு வந்தவன், இப்போ சௌகார்பேட்டைல ஒரு நகை மொத்த வியாபாரிகிட்ட கன்மேன் வேலை. என் பேர்லயே லைசன்ஸ், கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலைல செஞ்ச ஐஓஎஃப் .32 ரிவால்வர். யூனிஃபார்ம் கிடையாது, முதலாளி முதல் நாளே சொல்லிட்டாரு, "ஆள் கூட இருக்கறது தெரியட்டும், துப்பாக்கி தெரியக்கூடாது"ன்னு. அதனால பேண்ட்டுக்கு உள்பக்கம் ஹோல்ஸ்டர், மேல சட்டைய வெளிய விட்டுப்பேன். 3 வருஷமா வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னாடி, கடிகாரக் கணக்குல 4 மணி (தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3 மணி).

இப்போ ரெண்டு பிரச்சனை. வலது இடுப்பு எலும்புல தோட்டா போடுற சிலிண்டர் உருண்டை அழுத்தி அழுத்தி ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல, கடைல ஸ்டூல்ல 8 மணி நேரம் உக்காரணும் வேற. 2024 எம்பி எலக்‌ஷன் வந்தப்போ துப்பாக்கிய ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணிட்டு ரெண்டு மாசத்துக்கு மேல வெறும் இடுப்போட திரிஞ்சேன், அப்போ வலி பாதிக்கு மேல போச்சு, அதனால காரணம் இதுதான்னு தெரியும். ரெண்டாவது, போன வாரம் தங்கசாலை தெருல டீக்கடைல கீழ விழுந்த சில்லறைய குனிஞ்சு எடுத்தேன், சட்டை ஏறி பிடி வெளிய தெரிஞ்சிருக்கு, பக்கத்துல ஒரு குட்டிப் பொண்ணு "அம்மா அந்த அங்கிள்ட்ட துப்பாக்கி"ன்னு கத்திடுச்சு. கடையே அமைதியாயிடுச்சு.

சரின்னு 4 நாளா முன்பக்கம், தொப்புளுக்கு வலப்பக்கமா 1 மணில வெச்சுப் பாத்தேன். நின்னா பிரமாதம், ஒண்ணுமே தெரியல. உக்காந்தா தொப்பைல பிடி குத்துது, குழல் நேரா தொடைய பாக்குது. டி.எச்.ரோடுல ஸ்கூட்டர்ல போறப்போ ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் மனசு திக்குனுது. யாராச்சும் இடம் மாத்தி வெச்சுப் பழகினவங்க இருக்கீங்களா?

மூலக்கொத்தளம்_மச்சான்

அண்ணாத்த ஹோல்ஸ்டர் இன்னாத்துக்கு, சும்மா பேண்ட்ல சொருவிக்கினு போ, சினிமால எல்லாம் அப்டித்தான கீது

ஓய்வு_நாயக்

மேல சொன்னவரு பேச்ச கேக்காதீங்க சார். 2016 ஆயுத விதிகள்ல பொது இடத்துல கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டர்லதான் இருக்கணும்னு இருக்கு, எடுத்துக் காட்டுறதும் தப்பு. அது போக, சொருவி வெச்சது ஸ்கூட்டர் குலுக்கல்ல நழுவினா தன்னை அறியாம கை போய் பிடிக்கும், அப்போ விரல் எங்க போகும்னு யாருக்கும் தெரியாது.

முன்பக்கம் வெக்கறதும் உங்களுக்கு வேணாம். ஒல்லியா இருக்கறவங்க, நின்னுக்கிட்டே வேலை பாக்கறவங்களுக்கு சரி. தொடைக்குள்ள ஓடுற பெரிய ரத்தக்குழாய் அங்கதான் இருக்கு, அது அறுந்தா ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருந்தாலும் நிமிஷக் கணக்குதான்.

பெரம்பூர்_லோகோ

நடு முதுகுல வெச்சுப் பாருங்களேன், 6 மணி. என் மச்சான் ஒருத்தர் அப்படித்தான் வெச்சிருந்தாரு.

ஓய்வு_நாயக்

லோகோ சார், அவரு ஸ்கூட்டர்ல போறவரு. மழைல வழுக்கி மல்லாக்க விழுந்தா முக்கா கிலோ இரும்பு மேல முதுகுத்தண்டு போய் விழும். தோள்ல மாட்டறதும் யாராச்சும் சொல்லுவீங்க, அதுக்கும் இப்பவே சொல்லிடறேன்: படுக்கையா மாட்டற மாடல்ல குழல் பின்னாடி நிக்கறவர பாக்கும், சௌகார்பேட்டை கூட்டத்துல பின்னாடி யாருமே இல்லாத நேரம் ஏது? மறைக்க கோட்டும் போடணும், சித்திரை வெயில்ல கோட்டு போட்டவன ஊரே திரும்பிப் பாக்கும்.

ஹவில்தார், மூணு கேள்வி. பெல்ட் என்ன? ஹோல்ஸ்டர் எதுல செஞ்சது? பர்ஸ் எந்தப் பாக்கெட்ல?

தண்டையார்பேட்டை_ஹவில்தார்

பெல்ட் வண்ணாரப்பேட்டைல 150 ரூபாக்கு வாங்கினது, சாதா பெல்ட். ஹோல்ஸ்டர் கேன்வாஸ், கிளிப் வெச்சது, ரிவால்வர் எடுத்ததும் வாய் மூடிக்கும். பர்ஸ் இடது பின் பாக்கெட்ல... ஆதார், லைசன்ஸ் ஜெராக்ஸ், சீட்டு ரசீது எல்லாம் இருக்கு, கொஞ்சம் குண்டு. ஏன் கேக்கறீங்க?

ஓய்வு_நாயக்

அதான பாத்தேன். இடத்த மாத்தறதுக்கு முன்னாடி பெல்ட்ட மாத்துங்க. மெல்லிசு பெல்ட் எடைய தாங்காது, அந்தப் பக்கம் தொங்கும், தொங்கும்போது மேல் பாதி உடம்ப விட்டு வெளிய சாயும், பிடி சட்டைய தள்ளும். தொங்காம இருக்க நீங்க பெல்ட்ட இன்னும் ஒரு ஓட்டை இறுக்குவீங்க, சிலிண்டர் எலும்புல போய் அழுத்தும். பெரியமேட்டுல தோல் கடைல ரெண்டு அடுக்கு தோல் வெச்சு ஒன்றரை இஞ்ச் அகலத்துல தைச்சுக் குடுன்னு சொன்னா தைச்சுக் குடுப்பாங்க. பேண்ட்டும் இடுப்புல 2 இஞ்ச் பெருசா எடுங்க, உள்ள ஒரு பொருள் இருக்குல்ல.

அந்தக் கேன்வாஸ தூக்கிப் போடுங்க. மூடிக்கிட்ட வாய்க்குள்ள திரும்ப நுழைக்கறப்போ துணி மடிஞ்சு டிரிக்கர்ல மாட்டும். டிரிக்கர் வளையம் முழுசா மூடுற, வாய் விறைப்பா நிக்கற கெட்டித் தோல் ஒண்ணு வாங்குங்க.

இடம் 4ல இருந்து மூன்றரைக்கு, எலும்புக்கு நேர் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கும் பாருங்க அங்க. பிடி லேசா முன்னாடி சாயட்டும், குனிஞ்சா சட்டைல துருத்தாது. வெளிய காட்டிக் குடுக்கறது எப்பவும் பிடிதான், குழல் இல்ல. பர்ஸ முன் பாக்கெட்டுக்கு மாத்துங்க, இடது பக்கம் பர்ஸ் மேல உக்காந்தா இடுப்பு வலது பக்கம் சாயும், அந்தப் பாரமும் அங்கதான் இறங்கும்.

பழகறப்போ 6 தோட்டாவயும் எண்ணி எடுத்து வேற ரூம்ல வெச்சுட்டு ஒரு வாரம் வீட்டுக்குள்ளயே குனிஞ்சு நிமிர்ந்து பாருங்க.

பெரம்பூர்_லோகோ

பர்ஸ் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, எனக்கு பர்ஸ எடுத்ததுமே கால் மரமரப்பு போச்சு. டாக்டரே முதல்ல அதத்தான் கேட்டாரு.

தண்டையார்பேட்டை_ஹவில்தார்

16 நாள் ஆச்சு, அப்டேட். பெல்ட் தைச்சாச்சு, 900 ரூபா, முதல் ரெண்டு நாள் பலகைய கட்டின மாதிரி இருந்துச்சு. மூன்றரைல வெச்சிருக்கேன். முந்தி சாயங்காலத்துக்குள்ள பத்து தடவ இடுப்ப தூக்கி விடுவேன், இப்போ தொடறதே இல்ல, முதலாளி கூட "என்னப்பா இப்பல்லாம் நெளியறது இல்ல"ன்னாரு. வலி முழுசா போகல, ஆனா வலது பக்கம் படுக்க முடியுது. அதே டீக்கடைல வேணும்னே கர்ச்சீஃப கீழ போட்டு எடுத்தேன், யாரும் திரும்பல.

ஒரு புதுத் தொல்லை. வேர்வைல தோல் ஊறி, சிலிண்டர் ஓரத்துல செம்பழுப்பா புள்ளி வந்துருக்கு. கடல் காத்து வேற. தினமும் எண்ணெய் போடணுமா?

ஓய்வு_நாயக்

தினமும் வீட்டுக்கு வந்ததும் தோட்டாவ எடுத்துட்டு, காஞ்ச துணில தொடச்சு, கன் ஆயில் ஒரு சொட்டு துணில தேச்சு மேல ஒரு இழுப்பு. ராத்திரி ஹோல்ஸ்டருக்குள்ள வெச்சு மட்டும் பூட்டாதீங்க, தோல் ஈரத்த விடாது. ஹோல்ஸ்டர ஃபேனுக்கு அடில தனியா காயப் போடுங்க. உள்ள கட்டாயம் பனியன் போடுங்க.

மூலக்கொத்தளம்_மச்சான்

900 ரூபா பெல்ட்டா? அந்தக் கடை அட்ரஸ் சொல்லு அண்ணாத்த, என் பேண்ட் நிக்கவே மாட்டேங்குது