புதிய பெட்டைக் குட்டிகளை எப்போது கிடாவுடன் சேர்க்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் செம்மறி மந்தைக்காக ஏழெட்டு மாத வயதுள்ள பத்துப் பெட்டைக் குட்டிகளை வாங்கியிருக்கிறோம். குடற்புழு நீக்கமும் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிகளும் முடித்து, ஒரு மாதம் தனிப்பட்டியில் வைத்துக் கழிச்சல், மூக்கொழுகல், குளம்பழுகல் ஏதுமில்லை என்று உறுதி செய்த பிறகே பழைய ஆடுகளோடு விட இருக்கிறோம்.

என் கவலையெல்லாம் இனச்சேர்க்கையைப் பற்றியதே. வளர்ந்த பெட்டையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய குட்டியைக் கிடாவிடம் விடலாம் என்பது பொதுவான கணக்கு. இவற்றில் நான்கு அந்த எடையைத் தொட்டுவிட்டன. ஆனாலும் முதுகைத் தடவினால் எலும்பு கூர்மையாகக் கையில் தட்டுப்படுகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள் என்பதால், இப்போதே சேர்த்தால் தன் வளர்ச்சி முடியுமுன்பே குட்டியையும் சுமக்க நேர்ந்து, ஈனும்போது சிரமப்படுமோ, பால் போதாமல் போகுமோ என்று அஞ்சுகிறேன்.

எல்லாவற்றையும் இன்னும் ஆறு மாதம் வளரவிட்டு ஒன்றாகச் சேர்ப்பது நல்லதா, அல்லது அந்த நான்கை மட்டும் இரண்டு மூன்று வாரம் அடர்தீவனம் கொடுத்துத் தேற்றி, 17 நாட்களுக்கு ஒருமுறை வரும் சினைப்பருவம் இரண்டு கடக்கும்வரை கிடாவுடன் விடலாமா? மேய்ச்சலில் மற்ற குட்டிகளைக் கிடா நெருங்காமல் எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள், முதல் ஈற்றின்போது உங்கள் பெட்டைகளுக்கு இருந்த வயதையும் எடையையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.