அம்மாவுக்கு வீட்டில் ஆக்சிஜன்: அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயசு. பீடி, சிகரெட் பக்கம் போனதில்ல. விறகடுப்புப் புகையிலயே முப்பது வருஷம் சமைச்சவங்க. இப்ப சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைச்சு மூச்சு விடச் சிரமப்படுத்தற நாள்பட்ட நுரையீரல் நோய்). போன வாரம் டிஸ்சார்ஜ் ஆகி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோட (காத்துலேருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுத் தர்ற மெஷின்) வீட்டுக்கு வந்திருக்காங்க.

ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 88-லேருந்து 92 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா 89-னு பார்த்ததுமே பார்க்க வர்றவங்க "கூட்டி வை"ங்கறாங்க. அம்மா மாதிரி நோயாளிக்கு ஆக்சிஜன் அதிகமானா கரியமில வாயு ரத்தத்துல தேங்கி, மயக்கமே வரலாம். இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன். ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாதுன்னு சாமி விளக்கைக்கூட வேற அறைக்கு மாத்திட்டோம்.

கஷ்டம் ராத்திரியிலதான். படுக்க முடியல, மடியில தலகாணி வச்சுக் குனிஞ்சு உட்கார்ந்தே விடியுது. சளி நெஞ்சுலயே நிக்குது. டியூப் உரசி காதுக்குப் பின்னால புண்ணாயிடுச்சு. வாசலின் தடவக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்க. அப்ப எதை வச்சுத் தடுக்கறது? சளியை வெளியே கொண்டுவர என்ன செஞ்சீங்க? நர்ஸிங், பிசியோதெரபி தெரிஞ்சவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்வேன்.