டேகேருக்கு மாசம் 2,300 டாலர் கேக்குறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்

புதுசா வந்தவன்

எல்லாருக்கும் வணக்கம். டொராண்டோவுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. மனைவிக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு, 2025 அக்டோபர் 20 அன்னைக்குச் சேரணும். குழந்தைங்க ரெண்டு பேர். பக்கத்துல வீட்டுலயே டேகேர் நடத்துறவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 2,300 டாலர் கேக்குறாங்க. முதல் மாசம், கடைசி மாசம் ரெண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டலேன்னா இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்களாம். மனைவி கைக்கு வரப்போறதே 2,700 தான். சின்னக் குழந்தைங்களை வளர்க்க இங்க மாசம் எவ்வளவுதான் ஆகும்? அவங்களை வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லிடலாமா, இல்ல குழந்தைங்களைத் திருச்சிக்கு அனுப்பிடலாமா? தூக்கமே வரலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிராம்ப்டன்வாசி

டேகேர் இருக்கட்டும், நவம்பர் வருது. முதல்ல குளிருக்குப் பணம் எடுத்து வைங்க. ஒரு குழந்தைக்கு ஸ்னோசூட், தண்ணி இறங்காத கையுறை ரெண்டு ஜோடி (ஒண்ணு எப்பவும் ஈரமா இருக்கும்), பனி பூட்ஸ், தொப்பி, கழுத்துக்கு நெக் வார்மர். ஸ்கார்ஃப் வாங்காதீங்க. ஊஞ்சல், சறுக்குமரத்துல மாட்டி கழுத்தை இறுக்கிடும்னு பள்ளிக்கூடங்கள்ல வேண்டாம்பாங்க. குழந்தைங்க ஒரு சீசனுக்கு மேல போடாதுங்க, அதனால வேல்யூ வில்லேஜ், ஒன்ஸ் அப்பான் எ சைல்ட் மாதிரி கடையில பழசு வாங்கினா பாதிக்கும் குறைவா முடியும். கையுறை மட்டும் புதுசா வாங்குங்க. கடையில பில்லைப் பாருங்க: ஒன்டாரியோவுல குழந்தைங்க துணி, செருப்பு, டயபர், கார் சீட் எல்லாத்துக்கும் மாகாணத்தோட 8 சதவீதம் கிடையாது, 5 சதவீத வரிதான்.

கிழக்கு யார்க் கார்த்தி

சைல்ட் பெனிஃபிட்னு அரசாங்கம் மாசாமாசம் பணம் தரும். ஆனா 18 மாசம் இங்க இருந்திருக்கணும், உங்களுக்கு இப்போதைக்குக் கிடைக்காது. அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க.

மிசிசாகா மாறன்

அப்பா அம்மாவை சூப்பர் விசாவுல கூப்பிடுங்க. ஒரு தடவை வந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கலாம். டேகேர் செலவே மிச்சம், குழந்தைங்களுக்கும் தமிழ் வரும்.

கிழக்கு யார்க் கார்த்தி

அதுக்குக் கூப்பிடுறவர் பி.ஆரோ (கனடாவுல நிரந்தரமா வாழ அனுமதி உள்ளவர்) குடிமகனோ இருக்கணும். குடும்பத்துல எத்தனை பேரோ அதுக்கேத்த குறைந்தபட்ச வருமானம் காட்டணும். குறைஞ்சது 100,000 டாலருக்கு ஒரு வருஷ மருத்துவக் காப்பீடும் வேணும். அந்த வயசுக்காரங்களுக்குப் பிரீமியம் லேசுல இருக்காது. 20ஆம் தேதிக்குள்ள நடக்குற காரியமா இது?

மார்க்கம் வாசுகி

2,300க்கு ரெண்டு குழந்தைன்னா நல்ல விலைதான், விட்டுடாதீங்க. பெரிய சென்டர்கள்ல வெயிட்டிங் லிஸ்ட் வருஷக்கணக்கு. வீட்டு டேகேர்ல சோறு, பருப்புன்னு நம்ம சாப்பாடு கிடைக்கும்.

மிசிசாகா மாறன்

லைசென்ஸ் இல்லாத வீடா இருந்தா எந்த அதிகாரியும் வழக்கமா வந்து எட்டிப் பார்க்க மாட்டாங்க. நல்ல சாப்பாடுக்காக அதை விட்டுட முடியுமா? அப்படிக் கொடுக்குறதுக்கு மனைவி ஒரு வருஷம் வீட்டுல இருக்கலாம்.

பிராம்ப்டன்வாசி

வீட்டுல இருந்தா வாடகையை யார் கட்டுறது? ரெண்டு பெட்ரூம் வாடகைக்கே ஒரு சம்பளம் போயிடுது. ஊர்ல பாட்டி, அத்தை, பக்கத்து வீடுன்னு பத்து கை இருக்கும். இங்க காய்ச்சல்னு டேகேர்ல இருந்து ஃபோன் வந்தா அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்பளத்தை விட்டுட்டு ஓடணும். வராத நாளுக்கும் ஃபீஸ் பிடிப்பாங்க. குடும்ப டாக்டரும் லேசுல கிடைக்கிறதில்லை.

மார்க்கம் வாசுகி

கார் இன்சூரன்ஸை விட்டுட்டீங்களே. அதுவே ஒரு வாடகை.

மல்வேர்ன் அக்கா

தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் முக்கியமான நாலு விசயம் சொல்லேல்லை. ஒண்டு, நீங்கள் பி.ஆரோ வேர்க் பெர்மிட்டோ? ரெண்டு, பிள்ளையள் எந்த வருசம், எந்த மாசம் பிறந்தவை? வயசு வேண்டாம், பிறந்த தேதியைச் சொல்லுங்கோ. மூண்டு, எந்த இடத்திலை இருக்கிறீங்கள்? நாலு, அந்த டேகேருக்கு லைசென்ஸ் இருக்கோ? இது தெரியாமல் ஒருத்தரும் உங்களுக்குக் கணக்குச் சொல்ல ஏலாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் காசு ஒண்டும் குடுக்காதேங்கோ.

புதுசா வந்தவன்

நன்றி அக்கா. ஆகஸ்ட்ல பி.ஆர்ல லேண்ட் ஆனோம். ஸ்கார்பரோ, மெக்கோவன் பக்கம். பெரியவன் 2021 நவம்பர் 9, இன்னும் நாலு வயசு ஆகலை. சின்னவ 2024 ஆகஸ்ட், 14 மாசம். அந்த வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேக்கலை. சைல்ட் பெனிஃபிட் 18 மாசம் கழிச்சுத்தான்னு இங்கயும் ஒருத்தர் சொன்னதால விண்ணப்பிக்கலை.

மல்வேர்ன் அக்கா

அப்ப உங்கடை நிலைமை நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

பெரியவருக்கு டேகேரே தேவையில்லை. ஒன்டாரியோவிலை பிள்ளைக்கு எந்த வருசம் நாலு வயசு முடியுதோ, அந்த வருசம் செப்டெம்பரிலை ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்கலாம். டிசம்பர் 31 தான் கணக்கு. 2021 நவம்பர் எண்டால் இந்தச் செப்டெம்பரே அவருக்குரிய வருசம். அரசாங்கப் பள்ளிக்கூடம், முழுநாள், காசில்லை. பிந்திப் போனாலும் பரவாயில்லை, வருசத்துக்கு நடுவிலையும் சேர்ப்பினம். உங்கடை விலாசத்துக்கு எந்தப் பள்ளிக்கூடம் எண்டு டொராண்டோ டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல் போர்ட் இணையத்திலை பார்த்து, நாளைக்குக் காலமையே ஃபோன் எடுங்கோ. பிறப்புச் சான்றிதழ், பி.ஆர் பேப்பர், வாடகை ஒப்பந்தம் மாதிரி விலாசத்துக்கு ஒரு ஆதாரம், ஊசி அட்டை கொண்டு போங்கோ.

பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கிற பிள்ளைப் பராமரிப்பு அங்கேயே இருக்கோ எண்டும் அதே ஃபோனிலை கேளுங்கோ. மத்திய அரசின்ரை டேகேர் திட்டத்திலை சேர்ந்த லைசென்ஸ் உள்ள இடம் எண்டால், ஆறு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு அடிப்படைக் கட்டணம் ஒரு நாளைக்கு 22 டாலருக்கு மேலை போகக்கூடாது. 2025 ஜனவரியிலை இருந்து அதுதான் உச்சம்.

கிழக்கு யார்க் கார்த்தி

நான் மேல சொன்ன 18 மாசக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, அது வேர்க் பெர்மிட், ஸ்டடி பெர்மிட்காரங்களுக்கு. அவங்க 18 மாசம் இங்க இருந்து 19ஆவது மாசமும் பெர்மிட் செல்லுபடியா இருக்கணும். பி.ஆருக்கு அது கிடையாது, வந்த உடனே விண்ணப்பிக்கலாம். ஆர்சி66 படிவம், அதோட புதுசா வந்தவங்க சேர்த்து அனுப்ப வேண்டிய ஆர்சி66எஸ்சிஎச். பொதுவா குழந்தைங்களோட அம்மா பேர்ல போடணும். குழந்தைங்க பிறப்புச் சான்றிதழ், பி.ஆர் பேப்பர் நகல் ரெண்டும் வைங்க.

பலரும் தடுக்கி விழுற இடம் எஸ்சிஎச் படிவம்தான். இந்தியாவுல ரெண்டு பேரும் சம்பாதிச்ச வருமானத்தைக் கனடா டாலர்ல மாத்தி எழுதணும். காலியா விட்டா திரும்பி வரும், மாசங்கள் ஓடிடும். நல்ல விஷயம் என்னன்னா, குடும்ப வருமானம் 37,487 டாலருக்குள்ள இருந்தா முழுத்தொகை. ஊர்ல ரெண்டு பேரும் சேர்ந்து 18 லட்சம் சம்பாதிச்சிருந்தாகூட அது 30,000 டாலர் சுமாருக்குத்தான் வரும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை, ஆறு வயசுக்குக் கீழ ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 7,997 டாலர், அதாவது மாசம் 666. ரெண்டு பேருக்கு 1,332. ஒன்டாரியோவோட குழந்தை உதவித்தொகையும் அதே பணத்துல சேர்ந்து வரும். மாசம் 20ஆம் தேதி சுமாருக்குக் கணக்குல விழும். விண்ணப்பம் பரிசீலிக்க வாரக்கணக்குல ஆகும், ஆனா விட்டுப்போன மாசங்களுக்கும் சேர்த்துத் தருவாங்க.

அடுத்த ஜூலையில இருந்து 2025 வருமானத்தை வச்சுக் கணக்கு மாறும். ரெண்டு பேருமே ஏப்ரலுக்குள்ள வரிக்கணக்கு தாக்கல் பண்ணணும். ஒருத்தருக்கு வருமானமே இல்லேன்னாலும் பண்ணணும், இல்லேன்னா பணம் நின்னுடும்.

மார்க்கம் வாசுகி

சின்னவளுக்கு இடம் கிடைக்கிறதுதான் கஷ்டம். 18 மாசத்துக்குக் கீழ இன்ஃபென்ட் அறை, அங்க பத்துக் குழந்தைக்கு மூணு ஆள் வைக்கணும்னு சட்டம். அதனால பல சென்டர்கள் அந்த அறையே நடத்துறதில்லை. 18 மாசம் ஆனா டாட்லர் அறை, அஞ்சு குழந்தைக்கு ஒரு ஆள், அங்க இடம் கொஞ்சம் சீக்கிரம் வரும். உங்க பொண்ணுக்கு பிப்ரவரியில 18 மாசம். பேர் எழுதும்போதே "பிப்ரவரிக்கு டாட்லர் இடம்"னு குறிப்பிட்டு எழுதுங்க. வெயிட்டிங் லிஸ்டுல பேர் போடப் பணம் கேட்டா கொடுக்காதீங்க, ஒன்டாரியோவுல லைசென்ஸ் டேகேர் அப்படி வாங்கக்கூடாது.

மல்வேர்ன் அக்கா

சென்டருக்கு மட்டும் எழுதிப்போட்டுக் காத்திருக்காதேங்கோ. லைசென்ஸ் உள்ள வீட்டு டேகேர் ஏஜென்சியள் இருக்கு. வீடுதான், ஆனால் ஏஜென்சி ஆள் அடிக்கடி வந்து பார்ப்பினம். திட்டத்திலை சேர்ந்த ஏஜென்சி எண்டால் 22 டாலர் உச்சம் அங்கையும் பொருந்தும். மாகாண அரசின்ரை இணையத்திலை லைசென்ஸ் தேடுற பக்கம் இருக்கு. லைசென்ஸ் இருந்தும் சில இடம் திட்டத்திலை சேரேல்லை, அதையும் கேளுங்கோ. டொராண்டோ நகரசபையின்ரை கட்டண உதவிக்கும் இப்பவே விண்ணப்பம் போடுங்கோ. வருமானம் குறைவெண்டால் 22ம் இன்னும் குறையும்.

மிசிசாகா மாறன்

நீங்க சொன்ன அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை குழந்தைங்களைப் பார்த்துக்கிறீங்க? லைசென்ஸ் இல்லாத வீட்டுல 13 வயசுக்குக் கீழ அஞ்சு பேருக்கு மேல கூடாது, அதுல ரெண்டு வயசுக்குக் கீழ மூணு பேருக்கு மேல கூடாது. நாலு வயசுக்குக் கீழ அவங்க சொந்தக் குழந்தை இருந்தா அதுவும் கணக்குல வரும். ஆறாவது குழந்தை இருந்தா சேர்க்காதீங்க.

மார்க்கம் வாசுகி

தடுப்பூசியை யாரும் சொல்லலை. பள்ளிக்கூடம், டேகேர் ரெண்டுலயும் கேப்பாங்க. நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில போடுறது எம்ஆர், இங்க கேக்குறது எம்எம்ஆர். எம்ஆர்ல தட்டம்மை, ரூபெல்லா இருக்கும், பொன்னுக்கு வீங்கி இருக்காது. முதல் பிறந்தநாளுக்கு முன்னால போட்ட டோஸையும் கணக்குல எடுக்க மாட்டாங்க. அதனால சின்னவளுக்கு ஒன்பது மாசத்துல போட்டது செல்லாது, திரும்பப் போடணும். சின்னம்மை, மெனிங்கோகாக்கல் சி ரெண்டும் அட்டையில இருக்கான்னு பாருங்க. ஓஹிப் (ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீடு) அட்டைக்கு மூணு மாசக் காத்திருப்பு இப்ப கிடையாது, அட்டை வாங்கிட்டா ஊசிக்குக் காசில்லை. கம்பெனி காப்பீடு இல்லாத குழந்தைக்கு டாக்டர் எழுதித் தர்ற மருந்துலயும் பெரும்பாலானது இலவசம். கடையில நேரா வாங்குற காய்ச்சல் மருந்துக்கு நாமதான் கட்டணும்.

புதுசா வந்தவன்

தலை சுத்துது, ஆனா மூச்சு வருது. அப்போ மாசம் மொத்தம் எவ்வளவுன்னு வச்சுக்கலாம்?

கிழக்கு யார்க் கார்த்தி

22 டாலர் இடம் கிடைச்ச பிறகு: சின்னவளுக்கு 22 நாளுக்கு 484. பெரியவனுக்குப் பள்ளி முன்பின் பராமரிப்பு அதிகபட்சம் 440 சுமாருக்கு. டயபர் ஒரு நாளைக்கு ஆறுன்னா மாசம் 180 டயபர், பெரிய பெட்டியா தள்ளுபடியில வாங்கினா ஒண்ணு 30 சென்ட், 55 டாலர். ஒரு வயசு தாண்டியாச்சு, பால்மாவு வேண்டாம். டாட்லர் ஃபார்முலான்னு விக்கிறதும் தேவையில்லை. 3.25 சதவீதக் கொழுப்புள்ள ஹோமோ பால், ஒரு நாளைக்கு 500 மில்லி, 750ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினா சாப்பாடு இறங்காது, இரும்புச்சத்து குறையும். பழம், முட்டை, தயிர், பள்ளிக்கூட டப்பாவுக்கு ஸ்நாக்ஸ் (கடலை, முந்திரி வேண்டாம், பள்ளியில அலர்ஜி விதி) எல்லாம் சேர்த்து 250. துணி, மருந்து, பூட்ஸ்னு வருஷச் செலவைப் பிரிச்சா மாசம் 80 எடுத்து வைங்க. 1,300 பக்கம் வரும். பெனிஃபிட் 1,332. டொராண்டோ நகர டிடிசி பஸ், ரயில்ல 12 வயசு வரைக்கும் இலவசம்.

பிராம்ப்டன்வாசி

கார் வாங்கினா ஊர்ல இருந்து கொண்டு வந்த சீட்டை மாட்டாதீங்க. கனடா பாதுகாப்பு முத்திரை இல்லாதது இங்க சட்டப்படி செல்லாது. ஸ்னோசூட்டோட சீட்ல உக்கார வச்சுப் பட்டையை இறுக்காதீங்க. மோதினா பஞ்சு அமுங்கி பட்டை தளர்ந்துடும், குழந்தை வெளிய வந்துடும். மெல்லிசு ஜாக்கெட் போட்டுப் பட்டை மாட்டி, மேல போர்வை போத்துங்க.

புதுசா வந்தவன்

சென்டர் இடம் 20ஆம் தேதிக்குள்ள வராதே. வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்றது?

மல்வேர்ன் அக்கா

சின்னவவுக்கு மட்டும் இடம் வேணும் எண்டு கேளுங்கோ. பெரியவர் பள்ளிக்கூடம். மூண்டரைக்குப் பிறகு பள்ளியிலை இடம் கிடைக்காட்டி, அந்த ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் அவையோட பேசலாம். மாசத்துக்கு மாசம் எண்டு எழுத்திலை வாங்குங்கோ, விலகிறதுக்கு ரெண்டு கிழமை (வாரம்) நோட்டீஸ் போதும் எண்டு போடச் சொல்லுங்கோ. கடைசி மாசக் காசு முன்கூட்டியே குடுக்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாட்டி அடுத்த வீட்டைப் பாருங்கோ, ஸ்கார்பரோவிலை நிறைய இருக்கு. மனுசி வேலைக்குப் போறதுக்கு முதல் கிழமையே பிள்ளையை ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் விட்டுப் பழக்குங்கோ.

காசு கையிலை குடுத்தாலும் ரசீது வாங்குங்கோ. அதிலை டேகேர் நடத்துறவவின்ரை பேர், விலாசம், சின் நம்பர் (கனடாவிலை வேலைக்கும் வரிக்கும் உள்ள அடையாள எண்) இருக்கவேணும். வரிக்கணக்கிலை ஏழு வயசுக்குக் கீழை ஒரு பிள்ளைக்கு 8,000 டாலர் வரைக்கும் பராமரிப்புச் செலவைக் கழிக்கலாம், சம்பளம் குறைஞ்சவர் கணக்கிலைதான் பொதுவாப் போடவேணும். கழிச்சால் குடும்ப வருமானம் குறையும், அடுத்த ஜூலை பெனிஃபிட்டும் கூடும். சின் நம்பர் தரமாட்டன் எண்டு சொன்னால் அந்த இடம் வேண்டாம்.