வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: லேப், ப்ராஜெக்ட் சமாளிக்க முடியுமா?

நொய்யல்கரை:
வணக்கம். பி.எஸ்சி. வேதியியல். திருப்பூரில் சாயக்கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலைய லேபில் ஷிப்ட் வேலை. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் சேரலாம் என்று இருக்கிறேன். இந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா? ஷிப்டுக்கு நடுவில் லேப் வகுப்பு ஒத்துவருமா? ப்ராஜெக்டுக்கு எங்கள் பிளான்ட் டேட்டாவையே எடுக்கலாமா?

தாமரைக்குளம்:
செல்லும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 தொலைநிலைக் கல்வி விதிமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, படிப்புக்குப் படிப்பு தனி. நீங்கள் சேரும் ஆண்டுக்கான பட்டியலில் இந்தப் படிப்பு இருக்கிறதா என்று யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு பத்தாவது, பிளஸ் டூ, மூன்றாண்டு டிகிரி என்ற வரிசை முக்கியம். அது உங்களுக்குச் சரியாக இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய உதவிப் பொறியாளர் பதவியை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள், அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும்.

இன்னொன்று: சேர்க்கைக்கு டெப் ஐடி (யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்) வேண்டும், அதற்கு முதலில் ஏபிசி ஐடி (கிரெடிட்டைச் சேமிக்கும் ஆன்லைன் கல்விக் கணக்கின் எண்). ஆதாரில் அப்பா பெயர் முழுசாகவும், மார்க் ஷீட்டில் இனிஷியலாகவும் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினைதான். விண்ணப்பம் திறக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

ஆடிப்பட்டம்:
லேப் பற்றி. தியரிக்கான கவுன்சிலிங் (பாட விளக்க) வகுப்பைத் தவறவிட்டாலும் தேர்வு எழுதலாம், செய்முறைக்கு வருகை கட்டாயம். தொடர்ச்சியாகச் சில நாள் வைப்பார்கள். விட்டால் அடுத்த பேட்ச்தான். அதனால் சேரும்போதே எந்த மையத்தில் லேப் நடக்கிறது என்று மண்டல மையத்தில் கேட்டு, அந்த நாட்களுக்கு லீவைச் சேர்த்து வையுங்கள்.

நீங்கள் தினமும் பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்ப்பவர். அதனால் செய்முறை பயமில்லை, ஒரு இடத்தில்தான் சறுக்கும். நம் லேப்களில் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) முறைப்படி மாதிரியை 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறோம். பாடநூல்களில் பெரும்பாலும் 20 டிகிரியில் 5 நாள். கணக்கில் எது கேட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். வேதியியல்காரர்கள் வழக்கமாகத் தடுமாறுவது சூழலியலிலும் புள்ளியியலிலும்.

நேரக் கணக்கும் போடுங்கள். 1 கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி. ஐந்து மாதத்தில் முடிக்க தினம் 4 மணி நேரம். ஷிப்ட் வேலையில் அது நடக்காது. 4 ஆண்டு வரை அவகாசம் உண்டு, ஜூன், டிசம்பர் என்று இரண்டு தேர்வு உண்டு. பிரித்து எழுதுங்கள். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீத மதிப்பெண், அதை அலட்சியம் செய்யாதீர்கள். போன வருடத்துக் கேள்விக்கு விடை எழுதி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். பாடநூல்கள் இஞானகோஷ் தளத்தில் இலவசம். ஃபீஸ் கட்டும் முன் இரண்டு யூனிட் படித்துப் பார்த்தாலே ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

கரம்பை:
பிளான்ட் டேட்டா வேண்டாம் என்பேன். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அறிக்கையில் போட முடியாது. 2011 உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்குப் பிறகு, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) எண்ணை வெளியே கொடுக்க எந்த நிர்வாகமும் யோசிக்கும். பாதியில் மறுத்தால் ஒரு செமஸ்டர் போச்சு.

அதற்குப் பதில் நொய்யல் குளங்களின் நீர்ப்பரப்பை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் பாருங்கள். படமும் இலவசம், அதை அலசும் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் இலவசம். பேண்ட் 3 (பச்சை ஒளி), பேண்ட் 8 (அண்மை அகச்சிவப்பு) இரண்டும் 10 மீட்டர் தெளிவு. கணக்கு இதுதான்: (பச்சை − அண்மை அகச்சிவப்பு) ÷ (பச்சை + அண்மை அகச்சிவப்பு), பூஜ்யத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் தண்ணீர்.

சொதப்பும் இடங்கள் மூன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம், ஜனவரி, பிப்ரவரி படங்களை எடுங்கள். ஆகாயத்தாமரை மூடிய குளம் தரையாகத்தான் தெரியும், இலை அண்மை அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். நேரில் போய் ஜிபிஎஸ் புள்ளி எடுக்காவிட்டால் 'குளம் சுருங்கிவிட்டது' என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: 2022 ஜனவரி 25 முதல் வெளிவரும் படக்கோப்புகளில் ஒவ்வொரு பிக்சல் மதிப்பிலும் 1000 கூடுதலாக இருக்கும். கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டால் முடிவே மாறும்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. கைடு நாமே தேட வேண்டுமா?

கரம்பை:
நீங்களே தேடி வைப்பது நல்லது. தகுதி என்ன என்று ப்ராஜெக்ட் கையேட்டில் இருக்கும். பக்கத்துக் கல்லூரியில் இதே துறைப் பேராசிரியரைக் கேளுங்கள். அவர் கையெழுத்திட்ட பயோடேட்டாவைச் சினாப்சிஸோடு (ப்ராஜெக்ட் திட்டச் சுருக்கம்) இணைத்து அனுப்புங்கள். ஒப்புதல் கடிதம் கையில் வரும்வரை களவேலையில் இறங்க வேண்டாம். தலைப்பை மாற்றச் சொன்னால் எடுத்த டேட்டா வீண்.