எங்க தெருவுல ரெண்டு பக்கமும் பிளாட்பாரம் போடப் போறாங்களாம், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

மாம்பலத்தான்

வணக்கம் மக்களே. வெஸ்ட் மாம்பலம், ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல எங்க தெரு. நாப்பதடி ரோடு தான், கீழ கடை மேல வீடு, பேருக்கு ஒரு பக்கம் பிளாட்பாரம்னு இருக்கு ஆனா அதுல ஈபி பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், கடைக்காரங்க படிக்கட்டு, நிறுத்தின பைக்னு எல்லாம் இருக்கு, மனுஷன் மட்டும் ரோட்டுல நடக்கறான். இப்ப ரெண்டு பக்கமும் புதுசா பிளாட்பாரம் போட்டு பார்க்கிங்க ஒரு பக்கம் மட்டும் வைக்கப் போறதா சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை தெருக்காரங்க கூடி பேசினோம், கடைக்காரங்க பாதி பேரு "பார்க்கிங் போனா வியாபாரம் போச்சு"ன்னு ஒரே பிடியா நிக்கறாங்க, வீட்டுக்காரங்க பாதி பேரு "பாண்டி பஜார் மாதிரி வந்துரும்"னு கனவுல இருக்காங்க. ரெண்டுமே நம்பற மாதிரி இல்ல.

எனக்கு தெரிய வேண்டியது ரெண்டு தான். டிராயிங்ல என்னென்ன பாக்கணும்? கடைக்காரங்க பயத்துல உண்மை இருக்கா இல்லையா? இந்த லைன்ல வேலை பாக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

---

நடராஜா சர்வீஸ்

நான் ரோடு டிசைன் பண்ற ஒரு ஆபீஸ்ல டிராயிங் போடறவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல கேக்க வேண்டியது 3டி படம் இல்ல. மீட்டிங்ல மரம், பெஞ்சு, பலூன் வச்சிட்டு ஓடற குழந்தைனு கலர் படம் காட்டுவாங்க, அத ஓரமா வச்சிட்டு குறுக்குவெட்டு டிராயிங் எங்கன்னு கேளுங்க. அதுல தான் இந்த சுவர்ல இருந்து அந்த சுவர் வரைக்கும் எத்தன மீட்டர் யாருக்குன்னு இருக்கும். நாப்பதடினா சுமார் 12 மீட்டர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நடைபாதைக்குனு போட்ட ஐஆர்சி 103 வழிகாட்டி படி நடக்கறதுக்கு தடங்கல் இல்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் வேணும். "தடங்கல் இல்லாம"ன்றது தான் இங்க முக்கியம், ஏன்னா நம்மாளுங்க 2 மீட்டர் பிளாட்பாரம் போட்டுட்டு நடுவுல விளக்கு கம்பம், போர்டு, ஈபி பாக்ஸ் எல்லாத்தையும் நட்டுருவாங்க, கடைசில மிச்சம் ஒரு ஆள் ஒருக்களிச்சு போற அளவு தான். கம்பம் மரம் பாக்ஸ் எல்லாத்துக்கும் ரோட்டோரமா தனியா ஒரு பட்டை விட்டிருக்காங்களான்னு பாருங்க. கடை முன்னாடி ஆளுங்க நின்னு வாங்கறதுக்கும் கொஞ்சம் இடம் வேணும், அதையும் அந்த 1.8-ல சேத்து கணக்கு காட்டுவாங்க, விடாதீங்க.

அடுத்தது உயரம். ஓரக்கல் 15 செ.மீ-க்கு மேல போகக்கூடாது. நம்ம ஊர்ல ஒரு அடி, ஒன்னரை அடினு கட்டி வச்சா பைக் ஏறாதுன்னு நினைக்கறாங்க, பைக் ஏறத்தான் செய்யுது, ஏற முடியாம ரோட்டுல நடக்கறது முட்டிவலிக்காரங்க தான்.

இப்ப மெயின் விஷயம், ஒவ்வொரு வீட்டு கேட்டும். வண்டி உள்ள போகணும்னு கேட்டுக்கு கேட் பிளாட்பாரத்த முழுசா வெட்டி இறக்கிருவாங்க. பத்தடிக்கு ஒரு தடவ இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு. பாட்டி ஒருத்தங்க ரெண்டு வீடு அப்படி நடந்து பாத்துட்டு மூணாவது வீட்டுல ரோட்டுக்கு இறங்கிருவாங்க, அப்புறம் நீங்க கிரானைட்டே போட்டாலும் அவங்க திரும்ப மேல வரமாட்டாங்க. பிளாட்பாரம் அதே லெவல்ல நேரா போகணும், காருக்கான சரிவு ரோட்டோர பட்டைக்குள்ளயே முடிஞ்சிரணும். குறுக்குத்தெரு வர்ற இடத்துலயும் அதே கதை தான், முடிஞ்சா அங்க ரோட்ட பிளாட்பார உயரத்துக்கு தூக்கச் சொல்லுங்க, வண்டி தானா ஸ்லோ ஆகும்.

கடைசியா மழைத்தண்ணி. பிளாட்பாரத்துக்கு அடியில தான் மழைநீர் வடிகால் ஓடும். ரோட்டுத் தண்ணி உள்ள இறங்கற அந்த கம்பி மூடி எங்க, எவ்ளோ தூரத்துக்கு ஒன்னு, அதுல சேர்ற மண்ண அள்ள வழி இருக்கான்னு கேளுங்க. இத விட்டுட்டா நவம்பர்ல உங்க புது பிளாட்பாரம் தான் கரை, ரோடு தான் ஏரி.

---

பாதி ஷட்டர்

தம்பி, நான் கடைக்காரன். தி.நகர் பக்கம் துணி வியாபாரம், அதனால ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

பாண்டி பஜார் நடைபாதை வளாகத்த 2019 நவம்பர்ல திறந்தாங்க, ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல கட்டினது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 27. அதாவது வேலை நடந்துட்டு இருந்தப்ப தான் சீசன். ரோடெல்லாம் கொத்தி கெடக்குது, ஜல்லி குமிஞ்சு கெடக்குது, எந்த பொம்பளையாளு புள்ளைங்கள கூட்டிட்டு புடவை எடுக்க வருவா? அப்புறம் திறந்தாங்க, பளபளன்னு இருந்துச்சு, கூட்டமும் வந்துச்சு, நாலு மாசத்துல லாக்டவுன். அதனால "நடைபாதை வந்து வியாபாரம் ஏறிருச்சு"ன்னு ஒருத்தர் சொன்னாலும் சரி "விழுந்துருச்சு"ன்னு ஒருத்தர் சொன்னாலும் சரி, கணக்கு எப்படி எடுத்தீங்கன்னு கேளுங்க. நடுவுல கொரோனாவ வச்சிட்டு யாராலயும் ஒழுங்கா பிரிச்சு சொல்ல முடியாது.

எங்க பயம் பார்க்கிங் இல்ல, வேலை இழுக்கறது தான். மூணு மாசம்னு ஆரம்பிச்சு ஒரு வருஷம் இழுப்பாங்க, வாடகை நிக்குமா? நீங்க கேக்க வேண்டியது இது: தெரு முழுக்க ஒரே நேரத்துல தோண்டாம ஐம்பது மீட்டர் அம்பது மீட்டரா முடிச்சிட்டு நகரணும், கடைக்கு ஏற பலகையாவது போட்டுத் தரணும், ஆடி முடிஞ்சு தீபாவளி வரைக்கும் கடப்பாரைய கீழ வைக்கணும். இத எழுத்துல வாங்கிக் குடுத்தா உங்க தெரு கடைக்காரங்கள்ல பாதி பேரு உங்க பக்கம் வந்துருவாங்க. கடை வாசல்ல காலைல இருந்து ராத்திரி வரை நிக்கற பைக் பெரும்பாலும் யாரோடது தெரியுமா, கஸ்டமரோடது இல்ல, ஓனரோடதும் கடைப் பையனோடதும். (என்னோடதும் அதுல உண்டு, சொல்லிட்டேன்.)

---

அயர்ன்பாக்ஸ்

எல்லாரும் ஒன்ன விட்டுட்டீங்க. அந்த தெருவுல இஸ்திரி வண்டி இருக்கா? பூ கட்டறவங்க, இளநீர் வண்டி, சாயங்காலம் பஜ்ஜி? டிராயிங்ல அவங்கள எங்க வரைஞ்சிருக்காங்கன்னு பாருங்க. வரைஞ்சிருக்கவே மாட்டாங்க. வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு வண்டிய எடுன்னு சொல்லுவாங்க, முடிஞ்சப்புறம் அழகு கெடுதுன்னு திரும்ப விடமாட்டாங்க.

பாண்டி பஜார்லயே பிளாட்பாரக் கடைக்காரங்கள 2013-ல தனி கட்டடம் கட்டி உள்ள அனுப்பினாங்க. பிளாட்பாரத்துல போற போக்குல பாத்து வாங்கற பொருள, க்ளிப்பு, வளையல், நைட்டி, இத வாங்க எவன் மாடி ஏறுவான்? அடுத்த வருஷமே தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 வந்துச்சு. வியாபாரிங்கள சர்வே எடுக்காம யாரையும் காலி பண்ணக்கூடாது, இத பாத்துக்கற டவுன் வெண்டிங் கமிட்டில (நகர விற்பனைக் குழு) 40 சதவீதத்துக்கு குறையாம வியாபாரிகளே இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். சட்டம் இருக்கு, நம்ம இஸ்திரிக்காரர் கிட்ட தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருக்கான்னு கேட்டு பாருங்க, இல்லைன்னா முதல்ல அந்த வேலைய பாருங்க.

இன்னொன்னு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷன்ல இறங்கி தனியா நடந்து வர்றவ நான். வண்டிக்காரங்க இருக்கற தெருவுல தான் பயமில்லாம வருவேன்.

---

மல்லேஸ்வரம் மாப்ள

பெங்களூர்ல இருந்து. இங்க டெண்டர்ஷ்யூர்னு ஒரு திட்டத்துல ரெசிடென்ஸி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு எல்லாம் பண்ணாங்க. அதுல நல்ல விஷயம் என்னன்னா தண்ணி பைப், சாக்கடை, கரண்டு, கேபிள் எல்லாத்தையும் தோண்டி ஒழுங்குபடுத்தி பிளாட்பாரத்துக்கு அடியில தனித்தனி குழாய்ல போட்டு மேல மூடி வச்சிட்டாங்க, அப்புறம் கேபிள்காரன் வந்தா மூடிய திறந்து இழுத்துட்டு போவான், கொத்த வேண்டாம். செலவு ஜாஸ்தி, சின்ன தெருவுக்கு அவ்ளோ பண்ணமாட்டாங்க. ஆனா வரிசைய நீங்க கேக்கலாம்ல, மெட்ரோ வாட்டர், ஈபி, கேபிள் எல்லாரும் வேலைய முடிச்சாச்சுன்னு சொன்னப்புறம் தான் பேவர் பிளாக். இல்லாட்டி ரெண்டாவது மாசமே ஒருத்தன் கொத்துவான், கொத்தின இடத்துல சிமெண்ட பூசிட்டு போயிருவான்.

ட்ராஃபிக் ஜாம் ஆனா இங்கயும் பிளாட்பாரத்துல பைக் ஏறும். இரும்பு கட்டை நட்டா ரெண்டுக்கு நடுவுல வீல்சேர் போற மாதிரி இடைவெளி விடச் சொல்லுங்க, ப்ரோ.

---

மாம்பலத்தான்

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா ஷட்டர் அண்ணனுக்கு. ஆடி தீபாவளி விஷயம் எங்க யாருக்கும் தோணவே இல்ல. இஸ்திரிக்காரர் கிட்ட விசாரிச்சேன், அட்டை இல்லையாம்.

ஒரு டவுட்டு: ரோடு லெவல். எங்க தெருவுல தார் மேல தார் போட்டு போட்டு பழைய வீடெல்லாம் பள்ளத்துல போயிருச்சு. பிளாட்பாரமும் சேந்து உசந்தா எங்க வீட்டு வாசப்படி என்ன ஆகும்?

---

நடராஜா சர்வீஸ்

நல்ல கேள்வி. பழைய தார சுரண்டி எடுத்துட்டு தான் புதுசு போடணும், மில்லிங்னு சொல்லுவாங்க, அது எஸ்டிமேட்ல தனி ஐட்டமா இருக்கா, எத்தன செ.மீ-ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. டிராயிங்ல ஒவ்வொரு கேட்டுக்கும் நேரா லெவல் நம்பர் எழுதியிருக்கணும், உங்க வாசப்படி லெவல விட பிளாட்பார லெவல் கீழ இருக்கணும், அதுவும் ரோட்டு பக்கமா லேசா சரிஞ்சு. லெவலே எழுதலைன்னா அவங்க சர்வே எடுக்கலைன்னு அர்த்தம்.

யாராவது "நடக்கறவங்களுக்கு இவ்ளோ எதுக்கு"ன்னு கேட்டா, 2014-லயே சென்னைக்கு மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கைனு ஒன்னு கொண்டுவந்தாங்க, போக்குவரத்து பட்ஜெட்ல 60 சதவீதமாவது நடை, சைக்கிளுக்குனு சொன்ன கொள்கை, அத ஞாபகப்படுத்துங்க. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் நடைபாதைல நடக்கற உரிமை அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவுல, அதாவது உயிர் வாழற உரிமைல, அடங்கும்னு சொல்லிருச்சு. ஆனா ஏஇ (கார்ப்பரேஷன் உதவிப் பொறியாளர்) முன்னாடி சட்டம் பேசி ஆரம்பிக்காதீங்க, மனுஷன் ஃபைல மூடிருவாரு. முதல்ல டிராயிங்.

---

பாதி ஷட்டர்

அப்படியே வார்டு மக்கள் கூடற ஏரியா சபை கூட்டத்துலயும் இத மனுவா குடுத்து பதிவு பண்ணுங்க, கவுன்சிலர் கையெழுத்தோட நகல் ஒன்னு வச்சிக்கோங்க. கான்ட்ராக்டர் மாறிருவாரு, ஏஇ மாறிருவாரு, பேப்பர் தான் இருக்கும்.

---

மாம்பலத்தான்

சரிண்ணே. வியாழக்கிழமை ஏஇ-ய பாக்க போறோம், வீட்டுக்காரங்க ரெண்டு பேரு, கடைக்காரங்க ரெண்டு பேரு, இஸ்திரிக்காரரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. டிராயிங் கிடைச்சா நம்பர எல்லாம் இங்க போடறேன், நடராஜா சார் கொஞ்சம் பாத்து சொல்லணும்.

---

நடராஜா சர்வீஸ்

போடுங்க. போறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்துட்டு போய் தெருவோட அகலத்த மூணு நாலு இடத்துல நீங்களே அளந்து வச்சிக்கோங்க, ஈபி பாக்ஸ் எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க. நாப்பதடினு பேப்பர்ல இருக்கும், நேர்ல முப்பத்திநாலு தான் இருக்கும், மிச்சம் யாரோட படிக்கட்டுக்கு அடியில இருக்குன்னு அங்க போனப்புறம் சண்டை போட்டா அன்னைக்கு வேலை நடக்காது.